பாலிப் எடுத்த பிறகு வரும் ரத்தம்

பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப் என்ற சதை வளர்ச்சியை வயிற்றைக் கிழிக்காமலே எடுக்கலாம் என்று 1969-இல் நியூயார்க்கில் செய்து காட்டியவர்கள் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற அறுவை மருத்துவர்கள். குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப் குழாய் வழியே கம்பிச் சுருக்கு ஒன்றை நீட்டி, பாலிப்பின் அடியில் மாட்டி இறுக்கி, மின்சாரம் பாய்ச்சி அறுத்தார்கள். இன்றும் அடிப்படை அதேதான். பின்னாளில் புற்றுநோயாகக் கூடிய முளை முன்கூட்டியே போய்விடுகிறது. பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்புகிறார்கள்.

இதில் வரும் சிக்கல்களில் அதிகம் காண்பது ரத்தக்கசிவு. அறுத்த உடனே கசிந்தால் மருத்துவர் கண்ணெதிரிலேயே அடைத்துவிடுவார். வீட்டுக்குப் போய், வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகு கழிப்பறையில் திடீரென்று சிவப்பாகப் பார்ப்பதுதான் ஆளை உலுக்கிவிடும்.

ஏன் இந்தத் தாமதம்? மின்சூட்டில் ரத்தக்குழாயின் வாய் வெந்து மூடிக்கொள்கிறது. மேலே பொருக்கு கட்டுகிறது. சில நாளில் பொருக்கு உதிரும்போது அடியில் புண் ஆறியிருக்காவிட்டால் குழாய் திறந்துகொள்ளும். பெரும்பாலும் முதல் வாரத்தில், சிலருக்கு இரண்டு வாரம் கழித்தும். அதனால்தான் 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த முளைகளை இப்போது மின்சாரமே இல்லாமல் கம்பியால் மட்டும் அறுக்கிறார்கள். அறுத்த இடத்தில் அப்போதே கொஞ்சம் ரத்தம் தெரியும், தானாக நின்றுவிடும். தைவானில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வில், பின்னாள் கசிவு சூடு வைத்தவர்களில் 1.5 சதவீதம்; வைக்காதவர்களில் 0.4 சதவீதம்.

பெரிய முளைகளின் கதை வேறு. 20 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள, காம்பில்லாமல் தட்டையாகப் படர்ந்த முளையை எடுத்தால் அகலமான புண் மிஞ்சும். இங்கேதான் கிளிப் கைகொடுக்கிறது. துணி காயப்போடும் கிளிப்பைப் போன்ற இரண்டு உலோகத் தாடைகள். மடக்கினால் கொலனோஸ்கோப்பின் உட்துளையில் நுழையும். வெளியே உதவியாளர் கைப்பிடியை இழுத்தால் உள்ளே தாடை புண்ணின் இரு ஓரத்தையும் கவ்வும். இன்னும் இழுத்தால் கம்பியிலிருந்து கழன்று அங்கேயே தங்கிவிடும். வாரங்கள் கழித்துத் தானே உதிர்ந்து மலத்தோடு போய்விடும். எல்லோருக்கும் இது தேவையில்லை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், குடலின் வலப்பக்கப் பெரிய முளைகளில் புண்ணைக் கிளிப்பால் மூடியபோது கசிவு 9.6 சதவீதத்திலிருந்து 3.3 ஆகக் குறைந்தது; இடப்பக்கத்தில் பலன் தெரியவில்லை. கிளிப் விலையையும் நினைத்தால், இடம் பார்த்துப் போடுவதே சரி.

கசிவு தொடங்கிவிட்டால்? பெரும்பாலும் தானே நின்றுவிடும். மருத்துவமனையில் அனுமதித்து, நாடி, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் பார்த்துக் காத்திருப்பார்கள். நிற்காவிட்டால் மறுபடி கொலனோஸ்கோபி. அட்ரினலின் கரைசலைச் செலுத்தி ரத்தக்குழாயைச் சுருக்குவார்கள். அதன் பலன் தற்காலிகம், அதனால் கூடவே கிளிப் போடவோ சூடு வைக்கவோ வேண்டும். காம்புள்ள முளையென்றால் மிச்சக் காம்பைச் சுருக்கால் இறுக்கிப் பிடித்தாலே ரத்தம் அடங்கும். அதற்கும் மசியாவிட்டால் தமனிக்குள் குழாய் விட்டு அடைப்பார்கள். அறுவை சிகிச்சை வரை போவது அபூர்வம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கொலனோஸ்கோபிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை. குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றைச் சில நாள் நிறுத்தச் சொல்லலாம். இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்தவர் தாமாக நிறுத்தினால் குடலைக் காக்கப் போய் இதயத்தைப் பணயம் வைத்ததாகிவிடும். எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மலத்தில் ஒரு கோடு ரத்தம் என்றால் மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்கலாம். கட்டிகட்டியாகவோ திரும்பத் திரும்பவோ போனால், தலை சுற்றினால், நெஞ்சு படபடத்தால், வயிறு கடுமையாக வலித்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கொலனோஸ்கோபி அறிக்கை கையில் இருக்கட்டும்.