நெடுநாள் நோயாளருக்குத் தையல் வேலை: வத்தல்மலைக்கு ஏற்ற ஓராண்டுத் திட்டம்

நோய் என்றால் சில நாள் படுத்து எழுவது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். காய்ச்சல் வரும், மருந்து உண்டால் போய்விடும். மூட்டுவாதம், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா முதலியன அவ்வாறு வந்து போகும் விருந்தினர் அல்ல, வீட்டிலேயே குடியேறிவிடுவன. இவற்றோடு பத்தாண்டு, இருபதாண்டு வாழ்ந்தாக வேண்டியவர்கள் ஒவ்வோர் ஊராட்சியிலும் இருக்கின்றனர். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மருந்து உண்டபின் எஞ்சும் பகற்பொழுதை அந்த நோயாளர் எவ்வாறு கழிப்பது என்பதே இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வத்தல்மலையை எடுத்துக்கொள்வோம். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்கள் அங்கே உள்ளன. காப்பி, மிளகு, சாமை, கேழ்வரகு விளைகின்றன. மலையில் எந்த வேலையும் நடந்து ஏறி இறங்கும் வேலையே. ஆகவே மூட்டு நோயுற்றவர் முதலில் இழப்பது காட்டு வேலையைத்தான். காப்பிப் பழம் பறிக்கும் காலமும் பனிக்காலமும் ஒன்றாய் வருகின்றன. குளிரில் வலி கூடுவதாக நோயாளர் பலர் கூறுவர். வீட்டில் அனைவருக்கும் வேலை மிகுந்த நாள்களிலேயே அவருக்கு நோயும் மிகுகிறது. 'இவரால் என்ன பயன்?' என்னும் சொல் வீட்டில் எழுவதும் பெரும்பாலும் அப்பொழுதுதான். நோயைவிட அச்சொல் கொடியது.

இந்நிலையில் தையலை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் எளியது. அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடும். களத்தில் காயும் தானியம் மழைக்குக் காத்திராது. கையிலுள்ள ஊசி காத்திருக்கும். ஒரு வாரம் எழ முடியாமற் போனாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். செய்த பொருள் கெடாது; எடையற்றது; மலையிலிருந்து இறங்குவோர் ஒருவர் கையிலே கொடுத்தனுப்பலாம்.

இக்கருத்து புதியதன்று. முதல் உலகப் போரில் உறுப்பிழந்தும் நோயுற்றும் திரும்பிய வீரர்களுக்கென இங்கிலாந்தில் 1918-இல் எம்பிராய்டரித் தொழில் அமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. படுக்கையை விட்டு எழ இயலாதவர்களும் அதில் தைத்தனர். அமெரிக்காவில் டன்டன் என்னும் மனநல மருத்துவர், துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் வேலையை நோயாளருக்கு மருந்துபோல் பரிந்துரைத்தார். அடுத்த வண்ணம் எது என்று தேர்ந்தெடுக்கும்போது நோயாளரின் மனம் தன் நோயைவிட்டு நகர்கிறது. ஆகவே வெறும் காஜா எடுப்பதும் கொக்கி தைப்பதும் போதா. கூலிக்கு அவையும் வேண்டியவையே; ஆயினும் வடிவத்தைத் தாமே தீர்மானிக்கும் வேலை ஒன்றும் உடன் இருத்தல் வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. அரூர்ப் பகுதியைச் சேர்ந்த சித்தேரி மலைகளுக்கு அண்மையில் உள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி தம்பதியர் பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினர். அப்பணியின் கிளையாக, லம்பாடிப் பெண்களின் பழைய எம்பிராய்டரிக் கலை அங்கே மீட்கப்பட்டது. முதிய பெண்கள் சிலருக்கே நினைவிலிருந்த தையல் வகைகளை இளையோர் கற்றனர். 'போர்கை' என்னும் பெயரில் கைவினைஞர் சங்கமும் எழுந்தது. லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் 'பெருமை' என்பது பொருள். நோயாளருக்கென எழுந்த சங்கம் அன்று அது. ஆயினும் மருத்துவமனையின் அருகே தையற்கலை தழைத்ததை நாம் கருத வேண்டும். வத்தல்மலைப் பெண்கள் லம்பாடிக் கோலங்களைப் படியெடுக்க வேண்டியதில்லை. காப்பி இலையும் மிளகுக் கொடியும் சாமைக் கதிரும் அவர்கள் கண்முன்னே இருக்கின்றன.

இனி, ஓராண்டைக் கணக்கிடுவோம். மூட்டுவாதமுற்ற பெண் ஒருவர் வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு இருமுறை, முறைக்கு அரை மணி தைப்பதாகக் கொள்வோம். வாரத்துக்கு 4 மணி ஆகிறது. ஆண்டின் 52 வாரங்களில் 12 வாரங்கள் நோயால் கழியட்டும். எஞ்சிய 40 வாரங்களில் 160 மணி நேர வேலை கிடைக்கிறது. குழந்தைப் போர்வை ஒன்றுக்கு 40 மணி பிடித்தால் ஆண்டுக்கு நான்கு போர்வைகள். இது பெரும் வருவாய் அன்று. அவ்வாறு சொல்லி ஆசை காட்டவும் கூடாது. ஆனால் அந்த 12 வாரங்களைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துவிட்டால், வேலை நின்றுபோன நாள்களில் அவர் தம்மைக் குறைவாக எண்ண வேண்டிய நிலை நேராது. நாட்கணக்கில் இலக்கு வைப்பவர்கள் இதைக் காண்பதில்லை.

முதல் மூன்று மாதங்கள் கைத்தையலுக்கே உரியன. ஓட்டுத்தையல், சங்கிலித்தையல், பிசிறு மடித்துத் தைத்தல் ஆகியவை போதும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெளிச்சம் குறையும். சன்னலருகே அமர்வது நலம். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்புறமிருந்து வர வேண்டும். மூட்டுவாதத்தில் காலையில் விரல்கள் இறுகியிருக்கும். ஆகவே வெந்நீரில் கை நனைத்து, இறுக்கம் தளர்ந்த பிறகே ஊசி எடுக்கலாம். பெரிய காதுள்ள ஊசி, பிடியைத் தளர்த்தினால் தானே விரியும் கத்தரி, துணியைப் பிடித்துக்கொள்ளும் வளையம் ஆகியவை விரல்களின் பளுவைக் குறைக்கும். வேலை முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியும் கூடுதல் வலி தணியாவிடில், அன்று அளவு மிஞ்சியது என்று பொருள். மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும். மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் தையல் வேண்டாம்.

நீரிழிவு நோயாளரிடம் வேறொரு கவனம் தேவை. அவருள் சிலருக்கு விரல் நுனியில் உணர்ச்சி குன்றியிருக்கும். ஊசி குத்தினாலும் தெரியாது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்த டாக்டர் பால் பிராண்ட், உணர்ச்சியற்ற கை தன்னையறியாமலே காயமுறுவதை விளக்கிக் காட்டினார். அப்பாடம் இங்கும் பொருந்தும். விரலுக்கு உறை அணிந்து தைப்பதும், மாலையில் விரல்களைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பதும் இன்றியமையாதவை. ஆண்டுக்கொருமுறை கண் பரிசோதனையும் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்க்குப் பனியன் ஆலைக் கழிவுத் துணிகளைக் கொடுப்பதானால், பிறர் அவற்றைத் துவைத்து உலர்த்திய பின்னரே கொடுக்க வேண்டும். பஞ்சுத் தூசி அவருக்கு ஆகாது.

தையல் இயந்திரம் பற்றிச் சிறிது கூறவேண்டும். விழா எடுத்து இயந்திரம் வழங்குவது எளிது. அதன்மேல் துணி போர்த்தி மூலையில் வைத்திருக்கும் வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். முழங்காலும் கணுக்காலும் வீங்கியவர் கால்மிதி இயந்திரத்தை எப்படி ஓட்டுவார்? கைச்சக்கரம் அல்லது சிறு மோட்டார் பொருத்தியதே அவருக்கு ஏற்றது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் மாற்றுத் திறனாளிகளும் பயனடையலாம். விண்ணப்பத்துக்கு முன்பே, அவருடைய உடல் எதற்கு இடம் கொடுக்கும் என்று உறுப்பினர்கள் வீட்டுக்குச் சென்று பார்த்தறிதல் நன்று.

விற்பனையைத் தனி நோயாளரின் தலையில் சுமத்தலாகாது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் நம் மாநிலத்தில் முதன்முதல் 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையுடன், தருமபுரி மாவட்டத்திலேதான் தொடங்கப்பெற்றன. அக்குழுக்களே இதற்கு உற்ற துணை. ஆனால் நோயுற்ற உறுப்பினரால் ஆர்டர் தாமதமாகிறது என்னும் மனக்குறை குழுக்களில் எழுவதுண்டு. அக்குறை நியாயமற்றதும் அன்று. தேதி குறித்த வேலைகளை, பள்ளிச் சீருடை போன்றவற்றை, உடல்நலமுள்ளோர் செய்யட்டும். தேதியற்ற பூவேலையும் போர்வையும் நோயாளருக்கு ஒதுக்கப்படட்டும். கூலியை நாளுக்கன்றி உருப்படிக்குக் கணக்கிட்டு, பாதி முடிந்தவுடன் பாதித் தொகையைக் கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. நாட்பட்ட நரம்பு நோய்களும் அரிவாள் செல் நோயும் அவற்றுள் அடங்கும். மூட்டுவாதத்தால் கைகால் இயக்கம் பெரிதும் குன்றியவரையும் மருத்துவர் மதிப்பிட்டுச் சான்று தரலாம். சிறப்புச் சலுகைகள் பலவற்றுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு வேண்டும். மதிப்பீட்டு முகாமுக்கு மலையிலிருந்து இறங்கி வர இயலாதவர்களின் பட்டியலை ஊராட்சி முன்கூட்டியே வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினால், வண்டி ஏற்பாட்டுக்கு வழி பிறக்கும்.