செங்காந்தள்: நம் வயலுக்கு ஏற்ற பயிரா?

சீர்காழி வட்டார விவசாயிகளுக்கு வேலியில் படர்ந்து சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் செங்காந்தள் புதிதல்ல. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்பதும் இதுவே. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான்.

விதையும் மருந்தும்

இச்செடியின் விதையிலும் கிழங்கிலும் கோல்சிசின் என்னும் ஆல்கலாய்டு உள்ளது. விதையில் இதன் இனத்தைச் சேர்ந்த கோல்சிகோசைடும் இருக்கிறது. இதைப் பிரித்தெடுத்து, தொழிற்சாலையில் மாற்றம் செய்து தயோகோல்சிகோசைடு என்ற மருந்து தயாரிக்கிறார்கள். கழுத்து, இடுப்புத் தசைகள் இறுகி வலிக்கும்போது, நரம்பு மண்டலத்தின் வழியே செயல்பட்டு இறுக்கத்தைத் தளர்த்த இது உதவுகிறது. மருத்துவர் சொல்லும் அளவில், சில நாட்களுக்கு மட்டுமே உட்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் இதைச் சாப்பிடக் கூடாது.

எந்த நிலத்தில் வரும்?

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளிலும் வேதாரண்யத்து மணற்பாங்கான நிலங்களிலும் இதைப் பயிரிடுகிறார்கள். தண்ணீர் தேங்காத செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் ஏற்றவை. ஆடியையொட்டி நட்ட பயிர், வடகிழக்குப் பருவமழையின்போது பூவும் காயுமாக நிற்கும். சீர்காழியில் 2022 நவம்பரில் ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். களிமண் நெல் வயலில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். எனவே நெல் வயலில் இதை நட வேண்டாம். கடற்கரையோர மணல் மேட்டு நிலம் உள்ளவர்கள் மட்டும் சில சென்ட் பரப்பில் நட்டுப் பார்க்கலாம்.

செலவைக் கணக்கிடுங்கள்

விதைக்கிழங்கின் விலை அதிகம். கொடி படரப் பந்தல் அல்லது கம்பி வேலி வேண்டும். காய் நன்கு பிடிக்க, பூக்கும் நாட்களில் காலை வேளையில் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். இவ்விதைக்கு அரசு ஆதரவு விலை கிடையாது. சந்தை விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். வாங்குபவர் யார், என்ன விலை தருவார் என்பதை உறுதி செய்துகொள்ளாமல் கடன் வாங்கிக் கிழங்கு நடாதீர்கள்.

எச்சரிக்கை

மருந்து தரும் இச்செடியே கொடிய நஞ்சு. வள்ளிக்கிழங்கென்று தவறாக எண்ணி இதைத் தின்று இறந்தவர்கள் உண்டு. தின்ற சில மணி நேரம் வரை எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அதுவரை காத்திராமல், கை வைத்தியமும் பார்க்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். செடியின் ஒரு துண்டையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். கிழங்கையும் விதையையும் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். கையாண்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.