வெள்ளி முடி தரும் எச்சரிக்கை

தலைமுடி பிறவியிலேயே சாம்பல் கலந்த வெள்ளியாக மின்னுகிறது. புருவமும் இமை முடியும் அப்படியே. குழந்தையைப் பார்க்க வருபவர்களுக்கு அது அதிசயம். விடாத காய்ச்சல் வந்து, கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி, ரத்த அணுக்கள் குறையும்போதுதான் விபரீதம் புரிகிறது.

கிரிசெல்லி நோயின் இரண்டாவது வகை இது. 1978ல் இந்நோயை முதலில் விவரித்தவர்களில் ஒருவரான பிரெஞ்சு மருத்துவர் கிளாட் கிரிசெல்லியின் பெயரே அதற்கு வந்தது. முடிக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்? விடை கிடைக்க 22 வருடங்கள் ஆயின. 2000ல் பாரிஸ் ஆராய்ச்சியாளர்கள் குற்றவாளியைப் பிடித்தார்கள்: 15வது குரோமோசோமில் உள்ள ராப்27ஏ என்ற ஜீன்.

செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்து நுண்ணிய பைகளில் நடக்கிறது. இந்த ஜீன் உருவாக்கும் புரதம், 221 அமினோ அமிலங்களே கொண்ட பொடியன், கிட்டத்தட்ட ரயில் பெட்டியை இன்ஜினோடு இணைக்கும் கொக்கி. நிறமி செல்லில் மெலனின் பையின் மீது ஒட்டிக்கொண்டு, மெலனோஃபிலின் என்ற இன்னொரு புரதத்தின் வழியாக மயோசின் 5ஏ என்ற மோட்டாரைப் பிடித்துக்கொள்கிறது. கொக்கி இல்லையென்றால் நிறமி செல்லின் நடுவிலேயே தேங்கும். முடிக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது.

நிறம் போனால் போகட்டும். வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவான கொல்லி செல்களுக்கும் இதே புரதம் வேண்டும் என்பதுதான் சிக்கல். வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும் விஷப் பைகள் விளிம்பு வரை வந்தும் வெளியே கொட்டுவதில்லை. எதிரி சாகாததால் கொல்லி செல்கள் பெருகிக்கொண்டே போய் மற்ற செல்களையும் உசுப்பிவிட, அவை சொந்த ரத்த அணுக்களையே விழுங்க ஆரம்பிக்கின்றன.

ஒரே ஒரு முடியை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நிறமி திட்டுத்திட்டாகத் தெரியும். அநேகமாகச் செலவே இல்லாத இந்தச் சோதனை பலருக்குத் தோன்றாமல் போவதுதான் கொடுமை. உறுதி செய்ய ஜீன் பரிசோதனை உண்டு. பெற்றோர் இருவரிடமும் பழுதான பிரதி இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோய்க்கான வாய்ப்பு நாலில் ஒன்று. மாமன், அத்தை உறவில் பெண் எடுக்கும் குடும்பங்களில் அப்படி இருவர் சேரும் சாத்தியம் அதிகம்.

மருந்துகள் காய்ச்சலை அடக்கி அவகாசம் வாங்கித் தரும். நிரந்தரத் தீர்வு எலும்பு மஜ்ஜை மாற்றுதான். தானம் தர முன்வரும் அண்ணனையோ தங்கையையோகூட முதலில் சோதித்தாக வேண்டும். மாற்று வெற்றியடைந்து குழந்தை தேறினாலும் முடி வெள்ளியாகவே இருக்கும்; நிறமி செல்கள் மஜ்ஜையில் உருவாவதில்லை.