ஆறு ஓடும்போது படகு எதற்கு?

அமெரிக்கா, கனடா ஏரிகளில் இலையுதிர் காலம் பிறந்ததும் வால்ஐ என்னும் மீனைத் தேடிப் படகுகள் கிளம்பிவிடும். யாரும் ஓரிடத்தில் நங்கூரம் போட்டு உட்காருவதில்லை. ஆள் நடக்கிற வேகத்தில் படகை விட்டு, பின்னால் நீளமாகத் தங்கூசியை இறக்கி, மீன் வடிவிலான போலி இரையை இழுத்துக்கொண்டே போவார்கள். இந்த முறைக்கு ட்ரோலிங் என்று பெயர். கடலடியை வாரும் இழுவலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதில் இருப்பது ஒரு நூலும் ஒரு முள்ளும்தான். நம் கடலிலும் வஞ்சிரத்துக்கு இப்படி இழுப்பதுண்டு. திருச்சிப் பக்கம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் தூண்டில்காரர் கரையில் நின்றபடியே வீசுகிறார். படகும் கருவியும் வாங்க வசதியில்லாததால்தான் இப்படி என்று நினைப்பது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏரியில் படகு செய்கிற வேலையை இங்கே ஆறு செய்துவிடுகிறது. நம் ஆற்றின் பெரிய வேட்டை மீனான வாளையின் உடலமைப்பைப் பார்த்தால் இது விளங்கும்.

இங்கே சொல்வது ஆற்று வாளையை. கடலில் நாடா போல் நீண்டு பளபளக்கும் சாவாளை வேறு இனம். 1801இல் பிளாக், ஷ்னைடர் இருவரின் நூலில் அறிவியல் பெயர் பெற்ற இந்த மீன் கெளுத்திக்குத் தூரத்து உறவு. செதில் கிடையாது. தட்டையான நீண்ட உடல், கண்ணையும் தாண்டிப் பின்னால் பிளக்கிற வாய், உள்ளே வரிசை வரிசையாகக் கூர்பற்கள். இரண்டு ஜோடி மீசைகளில் ஒரு ஜோடி வயிற்றுப் பக்கம் வரை நீளும். கண்ணோ உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குச் சிறியது. வால்ஐயின் கதை நேர்மாறு: அதன் விழிக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருப்பதால் மங்கிய நீரிலும் அதற்குப் பார்வை உண்டு. வாளை பகலில் கரையடிப் பொந்திலும் கசத்திலும் கிடந்து, இரவில் வேட்டைக்குக் கிளம்பும். கலங்கல் நீரில், இருட்டில், இந்தச் சின்னக் கண்ணை நம்பி அது பிழைக்க முடியாது.

பிறகு எதை நம்புகிறது? வாளையின் குடும்பத்தைச் சேர்ந்த வெல்ஸ் என்ற ஐரோப்பிய மீனை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2001இல் வெளியானது. முழு இருட்டில் சிறு மீன்களை நீந்தவிட்டு, வெல்ஸ் என்ன செய்கிறது என்று அகச்சிவப்பு ஒளியில் படம்பிடித்தார்கள். இரை நீந்திப்போன பாதையில், அதே வளைவு நெளிவுகளோடு, வெல்ஸ் பின்தொடர்ந்து போய்க் கவ்வியது. இரை கடந்து பத்து விநாடிவரை ஆன தடத்தையும் அதனால் தொடர முடிந்தது. நீந்துகிற மீன் பின்னால் விட்டுச்செல்லும் சிறு சுழல்கள்தாம் அந்தத் தடம். மீசையின் சுவையுணர்வால் தொடர்ந்திருக்கலாமே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். 2004இல் அதையும் சோதித்தார்கள். சுவையுணர்வை முடக்கியபோது வேட்டை பெரிதாகக் குறையவில்லை. நீரசைவை உணர்கிற பக்கக்கோட்டு உறுப்பை முடக்கியபோது குறைந்தது. வெல்ஸில் கண்டதை வாளைக்கு அப்படியே ஏற்றிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே குடும்பம், ஒரே இரவு வேட்டை, ஒரே சிறிய கண். சங்க இலக்கியத்திலும் ஒரு தடயம் உண்டு: குறுந்தொகையின் 8ஆம் பாடலில் ஆலங்குடி வங்கனார் காட்டும் வாளை, வயலோர மாமரத்திலிருந்து உதிர்ந்த பழத்தைக் கவ்வுகிறது. மீன் தின்னும் மீனுக்கு மாம்பழம் எதற்கு? நீரில் விழுந்த அசைவுக்கு அது பாய்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

தேங்கிய ஏரியில் சும்மா தொங்கும் போலி இரை எந்தத் தடமும் விடாது. படகு ஓடினால்தான் அதற்குப் பின்னால் சுழல் பிறக்கும். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் நிலைமை வேறு. இரை நின்ற இடத்தில் நிற்க, நீர் அதைக் கடந்து ஓடுகிறது. இரைக்குப் பின்னால் சுழல்கள் தாமாகப் பிறக்கின்றன. நீரோட்டத்தில் ஈயக்குண்டு கட்டி நிறுத்திய கெண்டைக் குஞ்சுக்கும், ஏரியில் படகு இழுத்துப்போகும் போலி மீனுக்கும், தடத்தை மட்டும் படிக்கிற மீனைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இருக்காது. அப்படியானால் அணை மதகின் வாயிலேயே போடலாமே என்றால், கூடாது. அங்கே நீர் கொந்தளிப்பதில் இரையின் தடம் கரைந்துபோகும். வேக நீரும் மந்த நீரும் உரசுகிற ஓரம், பாலத் தூணின் பின்புறம், கசத்தின் விளிம்பு ஆகியவைதாம் இடம். வாளை மந்த நீரில் கிடந்தபடி வேக நீர் கொண்டுவருவதைக் கவனிக்கலாம்.

பருவமும் இங்கே வேறு கணக்கு. வால்ஐ ஏரிகளில் நீர் குளிர்வது கடிகாரம். இங்கே நீர் வருவது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். கொள்ளிடம் முக்கியமாக வெள்ள வடிகால் என்பதால், மிகுநீர் வரும்போதுதான் நிறைந்து ஓடும். 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் இடிந்தது அப்படிப்பட்ட வெள்ளத்தில்தான். புது நீர் வந்ததும் வாளை முட்டையிட இடம் தேடி நகரும். 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த அந்த மேலணையோ, அதற்குப் பதிலாக இப்போது நிற்கும் கதவணையோ, மேலேறும் மீனுக்கு எல்லாம் தடுப்புச் சுவர்தான். அணையடியில் மீன் சேர்வதை இரை மிகுதியின் அடையாளமாக மட்டும் எண்ணக் கூடாது. பல மீன்கள் வழியடைபட்டு நிற்கின்றன. வலைக்காரர் அள்ளுவதற்குமுன் தூண்டில் எம்மாத்திரம் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் பெரிய முள்ளும் பெரிய இரையும் பெரிய மீனைத்தான் பொறுக்கியெடுக்கும். அதிக முட்டை சுமப்பது பெரிய தாய்மீன். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் வாளை இன்று அழியக்கூடிய நிலையிலுள்ள இனம். ஆனி, ஆடியில் அணையடியில் தூண்டில் போடாதீர்கள். ஐப்பசியிலும் ஆறு ஓடும்.