மின்சாரம் திரும்பிய பின்...

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி கடந்த சிறிது நேரத்தில் இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரம் நின்று போயிற்று. பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து மின்மாற்றியைத் தீண்டியதே காரணம் என்று மின்வலு அமைச்சர் கூறினார்.

வண்ணாத்திவில்லும் அன்று இருளிலிருந்து தப்பவில்லை. புத்தளம் கடனீரேரிக்கு அப்பால், இதே மாவட்டத்தில், 900 மெகாவாட் திறனுடைய நுரைச்சோலை அனல்மின் நிலையம் இருக்கின்றது. அதன் மூன்று இயந்திரங்களும் ஓய்ந்துவிட்டமையால், மின்சாரம் திரும்பிய பின்னரும் அடுத்து வந்த நாட்களில் நாடெங்கும் சுழற்சி முறையில் மின்வெட்டு நிகழ்ந்தது.

மின்சாரம் வந்ததும் விசிறி தானாகவே சுழலும். ஆனால், இக்காலத்தில் சில இல்லங்களில் இடம்பெற்றுள்ள சேமிப்புக் கணினி அவ்வாறன்று. இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகளைக் கொண்ட சிறு பெட்டி அது. குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், காணி உறுதிகளின் பிரதிகள் யாவும் அதனுள்ளே அடங்கியிருக்கும். அதனை மீட்டெடுக்கும் முறையை அறிந்து வைத்தல் நன்று.

உள்ளே நிகழ்வது யாது?

வன்தட்டில் எழுதுமுனை, சுழலும் தட்டுக்கு மேலே தலைமயிரின் பருமனிலும் மிகச் சிறிய இடைவெளியில் மிதக்கின்றது. மின்சாரம் அறுந்த கணத்தில், தட்டின் எஞ்சிய சுழற்சியே சிறிதளவு மின்சாரத்தைப் பிறப்பித்து, அம்முனையைப் பாதுகாப்பான இடத்துக்கு ஒதுக்கி விடுகின்றது. ஆதலின் தட்டு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இழக்கப்படுவது, தற்காலிக நினைவகத்தில் இருந்து இன்னும் தட்டில் பதியாத பகுதியே. பாதி எழுதிய கடிதத்தைக் காற்று அள்ளிச் சென்றது போன்ற நிலை அது. தற்காலக் கோப்பு முறைமைகள் பலவும், செய்யவிருக்கும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் பதிந்து கொள்கின்றன. மீண்டும் இயங்கும்போது அக்குறிப்பைப் பார்த்துத் தம்மைத் தாமே சீர்செய்து கொள்ளும்.

செய்யத்தக்கன

முதற் கடமை பொறுமை. திரும்பிய மின்சாரம் மீண்டும் அறுந்துபோகக் கூடும்; அழுத்தமும் ஏறி இறங்கும். ஆதலால் பெட்டியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மின்சாரம் நிலைபெறும்வரை காத்திருத்தல் வேண்டும்.

பின்னர் இயக்கியும் பெட்டி உயிர் பெறாவிடின், முதலில் மின்வழங்கியைச் சோதித்தல் வேண்டும். பழுது அதனோடு நின்றிருக்கவும் கூடும். வன்தட்டுகளை வெளியே எடுக்க நேர்ந்தால், எந்தத் தட்டு எந்த அறையில் இருந்தது என்று இலக்கமிட்டு வைத்தல் அவசியம்.

பெட்டி இயங்கித் தன்னைத் தானே சரிபார்க்கத் தொடங்கினால், இடையே நிறுத்தலாகாது. அவ்வேலை பல மணி நேரம் நீடிக்கலாம். கோப்புகள் கண்ணில் பட்டதும் முக்கியமானவற்றை வேறொரு தட்டுக்குப் பிரதி செய்தபின்னரே ஏனைய திருத்தங்களில் இறங்கலாம். “புதிதாக அமைக்கவா?” என்று திரை வினவினால், ஒருபோதும் இசைதல் கூடாது. அது உள்ளதையும் அழித்துவிடும். தட்டிலிருந்து “டிக், டிக்” என்ற ஓசை தொடர்ந்து எழுமாயின், உடனே நிறுத்தி, தேர்ந்த தொழில்நுட்பவியலாளரை நாடுவதே அறிவுடைமை.

இரட்டைத் தட்டும் பிரதியும்

ஒரே செய்தியை இரு தட்டுகளில் பதியும் ‘ரெய்ட்’ முறை இருக்கையில் அச்சம் ஏன் என்று சிலர் வினவலாம். ஒரு தட்டு பழுதுற்றால் மற்றது காக்கும் என்பது உண்மையே. ஆயின் இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே மின்கம்பியில் அமைந்தவை. மின்னலோ வெள்ளமோ நெருப்போ இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும். பிள்ளை தவறுதலாக அழித்த படம் இரண்டிலும் ஒரே கணத்தில் அழியும். யூ.பி.எஸ். கருவியொன்றைப் பொருத்தி, அதன் தகவல் கம்பியையும் சேமிப்புக் கணினியோடு இணைத்து, உரியவாறு அமைத்து விட்டால், மின்சாரம் நின்றதும் கணினி ஒழுங்காகத் தன்னை மூடிக்கொள்ளும். எனினும் அதுவும் பிரதிக்கு ஈடாகாது. மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒரு பிரதி வேற்றிடத்தில் என்பதே கற்றோர் வகுத்த நெறி.

பிரதியின் பெறுமதி புத்தளம் மாவட்டத்தாருக்குப் புதிய பாடமன்று. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல, உடைமைகளை விட்டுவிட்டு வந்து குடியேறிய மண் இது. வீட்டை விட்டு வரும் வேளையில் காணி உறுதியையும் தந்தையின் புகைப்படத்தையும் எடுக்க இயலாது போனவர்களுக்கு, வேறோர் ஊரில் ஒரு பிரதி இருந்திருந்தால் எத்துணை உதவியாயிருக்கும்! இன்று அவ்வசதி ஒரு சிறு வன்தட்டின் விலைக்குக் கிடைக்கின்றது. மாதத்துக்கு ஒருமுறை பிரதியெடுத்து உறவினர் வீட்டில் வைப்பதற்கு ஒரு பிற்பகற் பொழுது போதும். மாணவர்கள் இப்பொறுப்பை ஏற்றால் வீட்டாருக்கு அது பேருதவியாகும்.