அழுக்கு சேர்வது நின்ற பிறகு

லாயாங் லாயாங்கிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “என்னுடையது பழைய புரோட்டோன் வீரா, இஞ்செக்‌ஷன் வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்தால் உதறுகிறது. பெட்ரோல் நிலையத்தில் விற்கிற இஞ்செக்டர் கிளீனர் ஒரு பாட்டில் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஊற்றலாமா? பள்ளிக்கூடம், கடை, கோயில், இவ்வளவுதான் ஓட்டம். அதிகம் ஓடாத வண்டியில் அழுக்கு எங்கிருந்து வந்தது?”

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது: ஊற்றலாம், ஆனால் பாட்டிலில் எழுதியிருப்பதை எல்லாம் நம்ப வேண்டாம். இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. அதிகம் ஓடாததால்தான் ஐயா அழுக்கு வந்தது.

இயந்திரம் ஓடும்போது இஞ்செக்டரின் நுனியைப் பெட்ரோல் விடாமல் கழுவிக்கொண்டும் குளிர்வித்துக்கொண்டும் இருக்கிறது. சாவியைத் திருப்பி நிறுத்தியதும் அது நின்றுவிடுகிறது. குளிர்நீரும் சுழல்வதில்லை. இயந்திரத்தின் உடம்பில் தேங்கிய சூடு மெல்ல மேலேறி நுனியைப் பிடிக்கிறது. நின்ற வண்டியில்தான் நுனி அதிகமாகச் சுடுகிறது. அங்கே ஒட்டியிருக்கும் துளிப் பெட்ரோலில் லேசான பொருள்கள் ஆவியாகிவிட, கனமானவை மிஞ்சுகின்றன. அவற்றில் இரட்டைப் பிணைப்பு உள்ள மூலக்கூறுகள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கைகோத்துப் பிசினாகின்றன. பெட்ரோல் பீறிடும் இடைவெளியோ தலைமுடியின் தடிமன் அளவுதான். அதில் மெல்லிய பழுப்புப் படலம் ஒன்று படிந்தாலே போதும், பனிபோல் தூவ வேண்டிய பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தாரையாக ஒழுகும். காலை உதறலுக்கு இது ஒரு காரணமாகலாம்.

இஞ்செக்டர் அழுக்கைச் சோதிக்க அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் டி5598 என்றொரு தரமுறை இருக்கிறது. 2.2 லிட்டர் கிரைஸ்லர் காரை 15 நிமிடம் ஓட்டுவார்கள், 45 நிமிடம் சூட்டோடு நிறுத்திவைப்பார்கள். 10,000 மைல் வரை இதே கதை. கடைக்குப் போய் வண்டியை நிறுத்தி, சாமான் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய் மறுபடி நிறுத்துகிற உங்கள் ஓட்டமும் ஏறக்குறைய அதே சோதனைதான்.

வடை சுட்ட குவாலியை எண்ணெயோடு அப்படியே அடுப்பில் விட்டுப் பாருங்கள். மறுநாள் விளிம்பில் விரலில் ஒட்டும் மஞ்சள் படலம் இருக்கும். வேதியியல் ஏறக்குறைய ஒன்றே: சூடு, ஆக்சிஜன், இரட்டைப் பிணைப்பு. வெறும் தண்ணீருக்கு அது அசையாது, சோப்பு வேண்டும். சோப்பு மூலக்கூறுக்கு எண்ணெயை விரும்பும் வால் ஒன்று, தண்ணீரை விரும்பும் தலை ஒன்று. வால்கள் பிசுக்கில் குத்தி நிற்க, தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்திருக்கும்.

பெட்ரோல் தொட்டியில் தண்ணீர் கிடையாதே, அங்கே சோப்பு என்ன செய்யும்? தலைகீழாக நிற்கும்! இதுதான் எனக்குப் பிடித்த இடம். நல்ல கிளீனர்களில் இருப்பது பாலியீதர் அமீன். அதன் தலையில் நைட்ரஜன்; ஆக்சிஜன் ஏறி அமிலத்தன்மை பெற்ற பிசினை அது தேடிப் பிடிக்கும். நீண்ட வால் பெட்ரோலில் கரைந்து நிற்கும். தலைகள் உள்ளே, வால்கள் வெளியே என்று அழுக்கைச் சூழ்ந்து, துணுக்கு துணுக்காகப் பெயர்த்து எரியறைக்குக் கொண்டுபோய் அழுக்கோடு தானும் எரிந்துவிடும். எல்லாச் சோப்பும் இப்படி நல்லபடியாகப் போய்ச்சேராது. பாலிஐசோபியூட்டிலின் அமீன் என்ற இன்னொன்று வால்வை நன்றாகவே துடைக்கும், ஆனால் எரியறையில் தானே படிவாகிவிடும் குணம் உண்டு. குவாலியைத் தேய்த்த நாரே அதில் ஒட்டிக்கொண்ட மாதிரி.

இன்னும் ஒரு படி போகிறேன். தினமும் கழுவுகிற குவாலிக்கு விசேஷத் தூள் தேவையில்லை. நல்ல பெட்ரோல் அடிக்கும் காரும் அப்படியே. எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோலிலேயே சிறிது டிடர்ஜென்ட் கலக்கின்றன. 2016இல் அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ ஒப்பிட்டுப் பார்த்தபோது, 4,000 மைல் ஓட்டத்துக்குப் பின், கூடுதல் டிடர்ஜென்ட் உள்ள ‘டாப் டியர்’ தரத்தில் சேராத பெட்ரோல் சராசரியாக 19 மடங்கு படிவை விட்டிருந்தது. பல வருடம் கழுவாத குவாலியைச் சுரண்டினால் கட்டி கட்டியாக வந்து தொட்டியை அடைக்கும் அல்லவா? மிகப் பழைய எரிபொருள் தொட்டியிலும் அந்த அபாயம் உண்டு, அடைபடுவது ஃபில்டர். ஆனால் தோசைக்கல்லில் இதே படலத்தை நாம் வேண்டுமென்றே பழக்குகிறோம் என்பதால், உவமையை இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கார்புரேட்டருக்கான டிடர்ஜென்ட் 1950களிலேயே வந்துவிட்டது. 1970இல் செவ்ரான் நிறுவனம் எஃப்-310 என்ற சேர்மத்தை விளம்பரப்படுத்தியது: புகைக்குழாயில் கட்டிய பலூன் முதலில் கறுப்பாக நிரம்பும், எஃப்-310 கலந்த பெட்ரோலில் ஓடிய பிறகு தெளிவாக இருக்கும். முதல் பலூனுக்கு இயந்திரத்தை வேண்டுமென்றே அழுக்காக்கியிருந்தார்கள். தெளிந்த பலூனிலும் கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயுக்கள் இருந்தன. அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கு 1978 வரை இழுத்தது. சேர்மம் உண்மையிலேயே வேலை செய்யும், பொய் பேசியது பலூன். நம் பக்கமும் 1996இல், மூலிகையால் பெட்ரோல் தயாரிப்பதாகச் சொன்ன தமிழ்நாட்டு ராமர் பிள்ளையின் ‘மூலிகைப் பெட்ரோல்’ பரபரப்பு இருந்தது. அவருக்கு 2016இல் சென்னை நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது.

‘எரிபொருள் மிச்சம்’ என்ற வாக்குறுதிக்குக் கணக்குப் போடுவோம். 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 பெட்ரோல் மானியத் திட்டம் வந்தபோது ரோன்95 லிட்டர் 1.99 வெள்ளி. பாட்டில் 30 வெள்ளி என்று வைத்தால் அது 15 லிட்டர். மாதம் 100 லிட்டர் அடிப்பவர் அதை ஒரே மாதத்தில் மீட்க 15 விழுக்காடு மிச்சமாக வேண்டும். மோசமாக அடைத்த இஞ்செக்டர் இழந்ததில் கொஞ்சத்தைத் திருப்பித் தரலாம். சுத்தமாக இருக்கும் இயந்திரத்திடம் திருப்பித் தர எதுவும் இல்லை.

பாட்டிலால் முடியாதவையும் உண்டு. தேய்ந்த பிஸ்டன் வளையம், பழுதான பிளக் கேபிள், விரிசல் விட்ட வேக்குவம் குழாய் எதையும் சோப்பு ஒட்டவைக்காது. நேரடி இஞ்செக்‌ஷன் உள்ள புதிய கார்களில் பெட்ரோல் நேராக எரியறைக்குள் பாய்வதால், உள்ளிழுக்கும் வால்வை அது தொடுவதே இல்லை. தொடாததை எப்படிக் கழுவும்? வால்வின் முதுகில் பெட்ரோலைத் தூவும் உங்கள் வீராவுக்கு அந்த விஷயத்தில் அதிர்ஷ்டம்.

டீசல் லோரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019இல் மலேசிய வாகன டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து வரும் பயோடீசலை 10 விழுக்காடு கலக்கும் முறை வந்தது. பயோடீசலே நல்ல கரைப்பான். பழைய தொட்டியின் கசடைக் கிளப்பி ஃபில்டரை அடைக்க வல்லது. செம்பனைக்கு நடுவே குடியிருந்துகொண்டு டீசலுக்குத் தனியாகக் கிளீனர் வாங்குமுன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

வீராவுக்கு என் வரிசை இது: முதலில் பிளக், கேபிள், காற்று ஃபில்டர், வேக்குவம் குழாய் ஆகியவற்றைப் பட்டறையில் ஃபோர்மனிடம் காட்டுங்கள். உதறல் தீரவில்லையா, எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டிய சமயத்துக்குச் சற்று முன்பாக ஒரு பாட்டில் ஊற்றி, தொட்டியை நிரப்பி, குளுவாங் வரை ஓட்டிவிட்டு வாருங்கள். வாங்கும்போது பாலியீதர் அமீன் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பெயர் இல்லாமல் ‘நேனோ’வும் ‘குதிரைத்திறன்’னும் மட்டும் பெரிதாக எழுதியிருந்தால், அந்த 30 வெள்ளிக்குப் பெட்ரோலே அடித்துக்கொள்ளுங்கள்.