கூரையில்லாக் குடித்தனமும் கதிரவனும்

தலைநகரில் வாடகைக் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கு வேனிற்கால மின்கட்டணம் இரண்டாவது வாடகையாகும். நாம் வசிக்கும் வீட்டில் மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. நமக்கு வாய்த்தது உபமீட்டரே. அரசின் சலுகை அவர் கணக்கில் சேர, அவர் குறித்த விகிதப்படி நாம் பணம் செலுத்துகிறோம். சென்ற கோடையில் மொட்டை மாடியில் சூரியத் தகடுகள் ஏறின. நம் விகிதத்தில் ஒரு பைசாவும் இறங்கவில்லை.

வீடுகளின் கூரையில் சூரிய மின்சாரம் அமைக்க மத்திய அரசு 2024 பிப்ரவரியில் ஒரு திட்டம் தொடங்கிற்று. ஒரு கோடி வீடுகள் அதன் இலக்கு. 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம். திட்டம் நல்லதே. ஆயினும் மானியம் பொதுப்பணம் அன்றோ? அதில் வாடகைக்காரர் செலுத்திய வரியும் அடக்கம். கூரை உடையார்க்கு மானியமும், இல்லார்க்குக் கட்டணமும் என்ற நிலையை நியாயமென ஒப்ப நம் மனம் இசையவில்லை.

இவ்விடத்தில் கோவை மாவட்டத்து ஓடந்துறையை அன்பர்கள் நினைவு கூரலாம். மேட்டுப்பாளையத்தை அடுத்த அவ்வூராட்சி, குடிநீர் இறைக்கவும் தெருவிளக்கு எரிக்கவும் ஆகும் மின்செலவைத் தாங்கமாட்டாமல் தவித்தது. ஆர். சண்முகம் தலைவராயிருந்த காலத்தில், 2006-இல், ஊராட்சியே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கிற்று. விலை ஏறத்தாழ 1 கோடியே 55 லட்சம் ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மிகுதி வங்கிக் கடன். ஊரின் தேவை ஆண்டுக்குச் சுமார் 4.5 லட்சம் யூனிட். காற்றாலை தந்ததோ ஏறத்தாழ 6.75 லட்சம்.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அக்காற்றாலை ஓடந்துறையில் இல்லை! பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம், மைவாடியில் நிற்கிறது. அங்கே விளையும் மின்சாரம் வாரியத்தின் கம்பியில் கலக்கிறது; பயன் ஊராட்சியின் கணக்கில் ஏறுகிறது. நம் தகப்பனார் ஊருக்கு மணியார்டர் அனுப்பியபோது, இங்கே கட்டிய அதே நோட்டா பாட்டியின் கையில் சேர்ந்தது? ரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இது விளங்கச் சிரமமில்லை.

இதே முறையில் பல குடும்பங்கள் ஓரிடத்தில் கூட்டாகத் தகடு அமைத்து, விளைச்சலை அவரவர் ரசீதில் பங்குபோட்டுக் கழித்துக்கொள்ளத் தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-இலேயே வழிமுறை வகுத்துள்ளது. சொந்தக் கூரை வேண்டுவதில்லை; தன் பெயரில் மின் இணைப்பு வேண்டும். வாடகைதாரர் வாடகை ஒப்பந்தத்தையோ ரசீதையோ காட்டி முன்பண மீட்டர் பெறலாம் என்று தில்லி அரசு அதே ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது. இச்செய்தி நம் குடும்பங்கள் பலவற்றை இன்னும் எட்டவில்லை.

ஐயங்கள் இல்லாமலில்லை. மாற்றல் உத்தரவு வந்தால் நம் பங்கு என்னாவது? முதல் போடச் சக்தியற்ற குடும்பம் தவணையில் சேர இயலுமா? இவற்றுக்கு விடை காணாமல் கையொப்பம் வாங்கப் புறப்படுவது தகாது. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இவ்விரு கேள்விகளையும் எழுப்ப எண்ணியுள்ளோம். விருப்பமுள்ளோர் தத்தம் மின் ரசீதுடன் வருக.

நாமும் வீட்டுக்காரரிடம் வாடகை ஒப்பந்தத்தின் நகல் கேட்டிருக்கிறோம். இரண்டு வாரமாக, "நாளைக்குத் தருகிறேன்" என்கிறார்.